சூடு தெரிந்த கை

நாற்காலியில் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தது. கண்ணாடி டம்ளரை நொறுக்காமல் தூக்கியது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டபோது விழாமல் திரும்பிப் பார்த்தது. அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டு. கண்ணுக்கு எட்டாத சட்டைக் காலரைச் சரிசெய்தது. இரண்டு பேர் பிடித்து மடிக்கும் பெரிய கட்டில் விரிப்பு. கடைசியாக, ஒரு கையெழுத்து. என் தங்கை ஜெயித்தவை இவை. கோப்பை, பதக்கம் எதுவும் எங்கள் வீட்டு அலமாரியில் கிடையாது. இருந்திருந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒன்று வைத்திருப்பேன்.

இதில் பாதியை நடை பழகும் குழந்தைகூடச் செய்யுமே என்று சிலர் நினைக்கலாம். குழந்தைக்கு அதன் உடம்பு உதவுகிறது. என் தங்கைக்கு அவள் உடம்பு ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டது. அப்படிப்பட்ட உடம்பை அவள் கண்ணாலேயே நடத்திக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவளுக்கு வண்டு என்று பெயர். வேலை செய்யும்போதெல்லாம் உதட்டை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே இருப்பாள். எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியதில்லை. காதைத் தீட்டினால் போதும்.

எங்கள் குடும்பமே ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்தது. ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். அப்பா துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். ஈரம் பிழிந்த விரிப்பை ரோலருக்குள் விடுவார்கள். அது பெரிய சூடான உருளை. ஒரு பக்கம் கசங்கிப் போகிற துணி, மறுபக்கம் அப்பளம் போல விறைப்பாக வெளியே வரும். அதை வாங்கி மடிப்பது மடிப்பு மேசைக்காரர்களின் வேலை. அந்த மேசையில் நானும் வண்டுவும் ஜோடி. அவள் பள்ளிக்கூடம் முடித்துச் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. பயிற்சி ஆள் என்பதால் அவள் சம்பளத்துக்கும் அப்பாவே கையெழுத்துப் போடுவார்.

மடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்கிறோம். நான் இழுத்தால் அவள் அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அவள் இழுத்தால் நான். யாரும் 'இழு', 'விடு' என்று சொல்வதில்லை. துணியே சொல்லிவிடும். கைக்கு வருகிற அந்தச் சின்ன இழுப்பிலேயே எதிராளி என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்துவிடும். நாங்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே மடிப்போம். ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும்.

அந்த ஆண்டு வண்டுவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் காலை, படுத்தபடியே கேட்டாள்:

"அக்கா, என் கை எங்க?"

"தோள்ல தொங்குது. வேற எங்க போகும்? எழுந்திரு, மணியாகுது."

"வெளையாடல. நிஜமாவே எங்கன்னு தெரியல."

அவளுடைய வலக்கை அவள் முதுகுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்து முன்னால் வைத்தேன். அதை அவள் யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள். கொடியிலிருந்து கழன்ற ஈரத்துணி போலச் சரிந்து விழுந்தாள்.

மருத்துவமனையில் எல்லாவற்றையும் சோதித்தார்கள். "என் கையைத் தள்ளும்மா" என்றார் டாக்டர். அவள் தள்ளிய வேகத்தில் அவர் நாற்காலியோடு பின்னால் போனார். பலம் அப்படியே இருந்தது. ஊசியால் குத்தினால் "ஆ!" என்று கத்தினாள். ஐஸ் வைத்தால் சிலிர்த்தாள். ஆனால் கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலைப் பிடித்து மேலே தூக்கியிருக்கிறாரா கீழே இறக்கியிருக்கிறாரா என்று கேட்டால், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாராவது விரலைத் தொட்டிருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே எல்லாம் அப்படித்தான்.

"பலம் முழுசா இருக்கு. சேதிதான் வரல," என்றார் டாக்டர். சேதி கொண்டுவருகிற நரம்புகளில் தடிமனானவை தண்டுவடத்துக்குப் பக்கத்திலேயே கெட்டுப்போய்விட்டன, அவை திரும்ப வளராது என்றார். வலியையும் சூட்டையும் குளிரையும் சொல்கிற மெல்லிய நரம்புகள் மட்டும் தப்பித்திருந்தன. அப்போது அது எங்களுக்குப் பெரிய ஆறுதலாகப் படவில்லை.

வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் அந்தச் சம்பவம் நடந்தது. ஏதோ ஒரு தாளில் அவள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வண்டி வெளியே காத்திருந்தது. வண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று அப்பா அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டுத் தாளில் வைத்துவிட்டார். பாதி வழியில்தான் அவள் தன் கையைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன நீலமா?"

"ரேகை வெச்சோம்மா. கிளம்பற அவசரம்," என்றார் அப்பா.

"யாரு வெச்சது?"

"நீதான்."

"நானா? எப்போ?"

அம்மா முந்தானையால் அவள் விரலைத் துடைக்கப் போனாள்.

"துடைக்காதம்மா. கொஞ்ச நேரம் பாக்கறேன்," என்றாள் வண்டு. பிறகு அப்பாவிடம், "என் விரலை நான் இல்லாதப்போ எடுத்துட்டுப் போயிருக்கீங்க. கோபம் இல்லப்பா. ஆனா இனிமே என் பேர்ல எது போனாலும் என் கண்ணு பாக்கணும், என் கை போடணும். ரேகை இனி கிடையாது," என்றாள்.

அப்பா தலையாட்டினார். ஏதோ உடம்பு முடியாத பெண் ஆற்றாமையில் சொல்கிறாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

சில நாளில் சலவை நிலையத்து முதலாளியம்மா பார்க்க வந்தார். மனசு நல்லவர், வாய் கறார். ஒரு புது ஓட்டலின் துணியெல்லாம் எங்களுக்கு வரப்போகிறது, மடிப்பு மேசைக்கு நிரந்தர ஆள் எடுக்கிறேன் என்றார்.

"உன் எடத்த வெச்சிருக்கேன். அந்த ஓட்டல் தெறக்கற வரைக்கும். அதுக்குள்ள அக்காவோட ஒரு பெரிய விரிப்பு மடிச்சுக் காட்டு, போதும். சேர்றப்போ கையெழுத்து வேணும். முடியலன்னா ரேகை வெச்சுக்கலாம்."

"ரேகை வேண்டாம் மேடம்," என்றாள் வண்டு. "கையெழுத்துப் போட்டுத்தான் சேருவேன்."

"போட முடியலன்னா?"

"சேர மாட்டேன்."

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல எல்லாருமே இப்படியா, இல்ல இது மட்டும்தானா?"

"இது மட்டும்தான் மேடம்," என்றேன்.

அன்றிரவு அப்பா தன் தொழில் திறமையை எல்லாம் காட்டி அவளுக்குப் படுக்கை விரித்தார். கழுத்து வரை போர்த்தி, விரிப்பின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் ஒரு சுருக்கம் இல்லாமல் இறுக்கிச் செருகினார். எந்த ஓட்டலிலும் அப்படி ஒரு கட்டில் பார்க்க முடியாது. விடிந்ததும் வண்டு போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே வந்துவிட்டார்கள். போர்வைக்குள் போன உடம்பு அவளைப் பொறுத்தவரை காணாமலே போயிருந்தது. தலை மட்டும் தலையணை மேல் தனியாகக் கிடப்பது போல இருந்ததாம். அன்றிலிருந்து விரிப்பு மடித்துப் பிழைக்கிற எங்கள் வீட்டில் ஒருத்தி மட்டும் போர்த்திக்கொள்ளாமல் தூங்குகிறாள். குளிர் காலத்தில் இரண்டு சட்டை, கால்சட்டை, கம்பளிக் காலுறை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

வண்டுவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ மேடம்தான் எங்களுக்கு விஷயத்தைப் புரிய வைத்தார். என்னை மேசை மேல் உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியால் தட்டினார். என் கால் என்னைக் கேட்காமலே உதைத்தது. வண்டுவைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தட்டினார். சுவரைத் தட்டியது போல இருந்தது.

"தசைக்குள்ள மெல்லிய இழைங்க இருக்கு. அதைச் சுத்தி நரம்பு சுருள் சுருளா சுத்தியிருக்கும்," என்றார். "தட்டினா தசை கொஞ்சம் நீளுது. 'நீண்டுட்டேன்'னு அந்த நரம்பு தண்டுவடத்துக்குச் சொல்லுது. அங்கேயே, மூளையைக் கேக்காம, அந்தத் தசையை இழுக்கற நரம்பணுவை அது உசுப்பிவிடும். அதான் உங்க கால் உதைச்சுது. அதே நேரத்துல எதிர்ப்பக்கத் தசையோட நரம்பணுவுக்கு 'நீ அடங்கு'ன்னு ஒரு சேதி போகும். ஒண்ணு இழுக்கறப்போ இன்னொண்ணு விட்டுக் கொடுக்கணுமே. நிக்கறப்போ, உக்கார்றப்போ, டம்ளர் புடிக்கறப்போ, எந்நேரமும் இது நடந்துட்டே இருக்கு. நமக்குத் தெரியறதே இல்ல."

வண்டு தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்குள்ள ஒரு பக்கம் இழுக்குது, இன்னொரு பக்கத்துக்கு எவ்வளவு விடணும்னு தெரியல. அக்காவும் நானும் சண்டை போட்டுக்கிட்டு மடிக்கற நாள் மாதிரி."

பிசியோ மேடம் சிரித்துவிட்டார். "அதேதான். கட்டளை போற வழி நல்லா இருக்கு. சேதி வர்ற வழிதான் அறுந்துடுச்சு. இனிமே கண்ணுதான் சேதி சொல்லணும்."

அப்படித் தொடங்கியது. கட்டிலில் எழுந்து உட்கார அவள் முதலில் வயிற்றைப் பார்ப்பாள், பிறகு கையை, பிறகு காலை. ஒவ்வொன்றுக்கும் கண்ணால் உத்தரவு கொடுத்து, அது நடந்ததா என்று கண்ணாலேயே சரிபார்ப்பாள். முனகல் நின்றிருக்கும். முனகுவதற்குக்கூட அவளிடம் மிச்சக் கவனம் இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூட்டை தூக்கியவள் போலக் களைத்துப்போவாள். பெரிய எதிரி தும்மல். தும்மும்போது கண் மூடிக்கொள்ளுமே! அந்த ஒரு கணத்தில் உடம்பு மொத்தமும் கையை விட்டுப் போய்விடும். அவள் மூக்கு சுருங்கினாலே அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவருவாள். "தும்மல் வருது, புடிங்க, புடிங்க!" தும்மல் வராமல் போய்விட்டால் வண்டுவே, "சும்மா உங்களுக்கெல்லாம் ஒரு ஒத்திகை," என்பாள்.

நடக்கக் கற்ற பிறகு, தினமும் மதிய இடைவேளையில் அவளைச் சலவை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மடிப்பு மேசை அடித்தளத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது. படிக்கட்டை அவள் ஒவ்வொரு பாதமாகப் பார்த்துப் பார்த்து இறங்குவாள். ஒருநாள் நடுப்படியில் இருக்கும்போது மின்சாரம் போனது. விளக்கு அணைந்ததும் அவளும் விழுந்தாள். இரண்டும் ஒரே பொத்தானில் இணைத்தது போல. நெற்றியில் தையல் போட்டார்கள். மறுநாள் கழுத்தில் ஒரு பாட்டரி விளக்கை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சுரங்கத்துக்குப் போறியா?" என்று அப்பா கேட்டார். அவர் கண் கலங்கியிருந்ததை மறைக்கத்தான் அந்தக் கேலி.

"உங்க சலவையே சுரங்கம்தானேப்பா."

மடிப்பது வந்தபாடில்லை. கிடங்கில் இருந்த பழைய விரிப்பை எடுத்துப் பழகினோம். முனை விரலுக்குள் இருக்கிறதா என்று அவள் ஒரு கையைப் பார்த்தால் மறுகையிலிருந்து துணி நழுவும். அதைப் பார்த்தால் இது நழுவும். நான் இழுப்பது அவளுக்குத் தெரியாது. ஒரு தரம் அவள் விடவே இல்லை. நான் மேசை மேல் குப்புற விழுந்தேன். இன்னொரு தரம் மொத்தமாக விட்டுவிட்டாள். நான் பின்னால் இருந்த கூடைக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, உன்னையும் சேத்து மடிச்சு வெச்சிடட்டுமா?"

"மொதல்ல துணிய மடி."

ஒருநாள் கிடங்கு பூட்டியிருந்தது. பழகுவதற்கு வேறு துணி இல்லாமல், ரோலரிலிருந்து அப்போதுதான் விழுந்த விரிப்பு ஒன்றை எடுத்து அவள் கைகளில் போட்டேன். பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணை விரிப்பிலிருந்து எடுத்து, வேண்டுமென்றே மேலே விட்டத்தைப் பார்த்தாள்.

"அக்கா. எடது கைல மணிக்கட்டு வரைக்கும் இருக்கு. வலது கைல விரல்ல மட்டும். சரியா?"

பார்த்தேன். சரியாக இருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"சுடுது!" என்றாள். "படற எடமெல்லாம் சுடுது. அதுல தெரியுது!"

தொட்டது தெரியாத கைக்குச் சூடு தெரிந்தது. மருத்துவமனையில் தப்பித்ததாகச் சொன்னார்களே, அந்த மெல்லிய நரம்புகள். துணி விரலுக்குள் இருக்கிறது என்ற சேதியை அவை கொண்டுவந்தன. எவ்வளவு இழுக்கிறது என்று சூடு சொல்லாது. அதற்கு அவள் கண்ணை வைத்துக்கொண்டாள். கையைக் கவனிக்கும் வேலை குறைந்ததால் கண் இப்போது விரிப்பின் நடுவுக்குப் போனது. நடுவில் தொங்குகிற தொப்பை இறுகினால் நான் இழுக்கிறேன் என்று பொருள். அவள் விட்டுக்கொடுப்பாள். தொப்பை விழுந்தால் அவள் இழுப்பாள். சூடான விரிப்பு என்றால் நன்றாகவே மடித்தாள். ஆறிப்போனது என்றால் பழையபடி தடுமாற்றம். மடிப்பு மேசைக்கு வருவது எல்லாம் சூடானவைதானே! பார்த்துக்கொண்டிருந்த அப்பா ரோலர் பக்கம் திரும்பி நின்று, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

முதலாளியம்மா முன்னால் மடித்துக் காட்டினோம். ஓரம் கொஞ்சம் விலகியது. "இதவிட மோசமா மடிக்கறவங்களுக்கும் நான் சம்பளம் குடுக்கறேன்," என்றார். மடிப்பில் ஜெயித்துவிட்டாள். மிச்சம் இருந்தது கையெழுத்து.

ரேகை வைத்துத் தொலையேன் என்று அம்மா கெஞ்சினாள். ஓட்டல் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள் என்று அப்பா வந்து சொன்னார். வண்டு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரலைப் பார்த்துப் பிடித்தால் பேனா நிற்கும், எழுத்து கோட்டை விட்டு ஓடும். எழுத்தைப் பார்த்தால் விரல் நெகிழ்ந்து பேனா விழும். விழக் கூடாது என்று இறுக்கினால் தாள் கிழியும். பிளாஸ்டிக் பேனா இரண்டு அவள் பிடியிலேயே விரிசல் விட்டன. இருப்பது ஒரு ஜோடிக் கண். பார்க்க வேண்டிய இடமோ இரண்டு.

அந்தக் கணக்கை அவளேதான் போட்டாள். ஒருநாள் இடைவேளையில் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து எஃகுப் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் இஸ்திரி போட்ட துண்டு ஒன்றுக்குள் சுருட்டி வைத்தாள். கொஞ்சம் கழித்து எடுத்துப் பிடித்தாள். முகம் மலர்ந்தது. விரல்களில் சூடு இருக்கும்வரை பேனா இருக்கிறது. கண் தாளுக்குப் போகலாம். முதல் எழுத்து கோணலாக, ஆனால் கோட்டின் மேலேயே நின்றது.

பிசியோ மேடத்திடம் சொன்னபோது பயந்துதான் போனார். குளிக்கிற தண்ணீர் அளவு சூடுதான் இருக்க வேண்டும், கன்றிச் சிவந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சொன்னார். பிறகு தானும் அந்தப் பேனாவை வாங்கிக் கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தார்.

ஒரே ஒரு சிக்கல். பேனா ஆறிவிடும். வண்டுவின் பெயரோ நீளம். கடைசி எழுத்துகளுக்கு வரும்போது விரலிலிருந்து சேதி நின்றுபோகும்.

"மொத எழுத்து மட்டும் போட்டு ஒரு கோடு இழுத்துடேன். பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் போடறாங்க," என்றேன்.

"அவங்க முழுசா போடத் தெரிஞ்சு சுருக்கறாங்க. நான் முழுசா போட்டுட்டு அப்பறம் சுருக்கிக்கறேன்."

அதன்படி பழகினாள். பழைய செய்தித்தாள் ஓரமெல்லாம் அவள் பெயர். வாரத்துக்கு வாரம் ஓர் எழுத்து கூடுதலாக, பேனா ஆறுவதற்குள் வந்தது. மெதுவாக முனகலும் திரும்பி வந்தது. அந்த மெட்டின் தாளத்துக்கு எழுத்தை நகர்த்தினாள். மெட்டு முடியும் இடத்தில் பெயரும் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டாள்.

ஓட்டல் திறப்பதற்கு முந்தைய நாள் முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார். மாடியில் அவர் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் பேனா இன்னும் சீக்கிரம் ஆறிவிடுமே என்று நினைத்தேன். வண்டு இஸ்திரி போட்ட இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, நடுவில் பேனாவை வைத்து, குழந்தையைப் போல மார்போடு அணைத்து வந்திருந்தாள். கழுத்தில் பாட்டரி விளக்கு. உட்கார்ந்தாள். நாற்காலியைப் பார்த்து, முட்டியைப் பார்த்து, மேசையைப் பார்த்து.

முதலாளியம்மா தாளை நகர்த்தினார். வண்டு துண்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது. முதலாளியம்மா தாளின் மேல் கையை வைத்தபடியே பேச ஆரம்பித்தார். சோப்புத்தூள் விலை, வண்டி வராதது, இன்னும் என்னென்னமோ. நான் வண்டுவின் விரல்களைப் பார்த்தேன். அவள் முதலாளியம்மாவின் கையைப் பார்த்தாள்.

"மேடம்," என்றாள். "பேனா ஆறுது."

"டீயா? சொல்றேன், இரு."

"டீ இல்ல மேடம். பேனா."

முதலாளியம்மா ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு தாளிலிருந்து கையை எடுத்தார். தொலைபேசியை வைத்தேவிட்டார்.

வண்டு குனிந்தாள். கண் விரல் பக்கம் போகவே இல்லை. முனகல் கேட்டது. முதல் எழுத்து. அடுத்தது. பாதி வந்ததும் அவள் புருவம் சுருங்கியது. பேனா ஆறத் தொடங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. உதவிக்கு என் கை தானாகவே நீண்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அவசரப்படவில்லை. மெட்டை மட்டும் கொஞ்சம் வேகமாக முனகினாள். எழுத்துகளும் கூடவே வேகமாக நகர்ந்தன. கடைசி எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைத்தாள். தாளில் பொத்தல் விழும் அளவுக்கு அழுத்தி வைத்தாள். பேனா விரலிலிருந்து நழுவி உருண்டது. முனகல் நின்றது.

எட்டிப் பார்த்தேன். கோணல்தான். ஆனால் முழுப்பெயர். யார் படித்தாலும் அவள் பெயர்.

முதலாளியம்மா தாளைத் தன் பக்கம் திருப்பினார். கீழே தேதிக்கான இடம் காலியாக இருந்தது. தன் பேனாவை எடுத்தவர் நிறுத்தினார்.

"தேதிய நான் போட்டுக்கவா? கோச்சுக்க மாட்டியே?"

"கேட்டுட்டுத்தானே போடறீங்க மேடம்," என்றாள் வண்டு. "போடுங்க. நான் பாத்துட்டுதான் இருக்கேன்."

முதலாளியம்மா எழுதினார்: 2009 பிப்ரவரி 19, வியாழக்கிழமை.